பேர் கூப்பிடும் ஞாயிறு

என் தம்பி மகள் எப்சிபாவைப் பேருந்துக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கதவுக்கும் ரேஷன் கடை எந்திரத்துக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும்கூடத் தெரியாது. எங்கள் கல்லாமுனையில் அவளைத் தெரிந்தவர்கள் மனிதர்கள் மட்டும்தான். ஒரு பிள்ளைக்கு அது போதாதா என்று என் தம்பி ஆசீர் மேடையிலேயே கேட்டிருக்கிறான். கைதட்டலும் வாங்கியிருக்கிறான்.

நான் பேருந்து டிப்போவில் வேலை பார்த்தவன். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட கண்கள். உப்பளத்துக் காற்று அடிக்கிற ஊரில் அந்தக் கண்களில் தினமும் வெள்ளையாகப் படியும். அதைத் துடைப்பதுதான் என் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள இன்னொருத்தி எதற்கு என்பேன். பிள்ளை என்று மனது நினைத்ததெல்லாம் எப்சிபாவைத்தான்.

கதை விளங்க வேண்டுமென்றால் 'சுவடு' பற்றிச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே சர்க்கார் ஒரு சுவடு எடுத்துவிடும். முகம், குரல், கை நரம்பு, பிற்பாடு நடை எல்லாம் அதில் சேரும். நீங்கள் நிறுத்தத்தில் நின்றால் பேருந்து உங்கள் சுவட்டைப் பார்த்து நிற்கும், பேர் சொல்லி வணக்கம் வைக்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே உங்களுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதற்குத் தெரியும். சீட்டு கிடையாது, அட்டை கிடையாது. வசதிதான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

அந்த வசதிதான் ஒருநாள் எங்கள் கடற்கரைத் தெருவையே தின்னப் பார்த்தது. உப்பு வாருகிற பருவத்தில் தெருவில் பாதிப்பேர் அளத்திலேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் வீட்டில் சுவடே இல்லை என்று பார்த்த எந்திரம், அந்த வீடுகளெல்லாம் ஆளில்லாத வீடுகள் என்று முடிவு கட்டிக் கிடங்கு கட்டுவதற்கு ஒதுக்கிவிட்டது. தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அங்கே ஒரு திரைதான் நிற்கும். 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்று அது மரியாதையாகச் சொல்லும். அழுதாலும் அதையேதான் சொல்லும், செருப்பைக் கழற்றினாலும் அதையேதான் சொல்லும். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் உண்டு.

ஆசீர் அப்போது உப்புக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். குரல் மட்டும் தேவாலயத்து மணி மாதிரி. ஒரு ஞாயிறு சாயங்காலம் காலியாகக் கிடந்த பழைய கிடங்கில் தெருவையே கூட்டினான்.

"யார்கிட்டப் போய்ச் சொல்ல? சுவத்துக்கிட்டயா? இனிமே நம்ம நியாயத்த நாமளே பேசிக்கிடுவோம். யாரும் நமக்கு அதிகாரம் தர வேண்டாம். நாமளே எடுத்துக்கிடுவோம்," என்றான்.

பொதுநியாயச் சபை பிறந்தது அப்படித்தான். எழுத்தில் எதுவும் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவானது. எழுதி வைத்ததெல்லாம் தங்களுக்கு எதிராகவே திரும்பியதைப் பார்த்த சனங்கள். எழுத்துக்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்தது. கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர் பேரையும் அவர்கள் தாயார் பேரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். இருக்கேன் என்று சொன்னவர்தான் அன்றைக்குச் சபையில் வாய் திறக்கலாம். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து கேட்கலாம்.

முதல் இரண்டு ஞாயிறும் நானும் போனேன். 'ரத்தினம்மாள் மகன் ஞானசிகாமணி' என்று ஆசீர் கூப்பிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் அம்மா காலமெல்லாம் உப்பு வாரிச் செத்தவள். அவள் பேரை ஊர் நடுவில் ஒருவர் கம்பீரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 'இருக்கேன்' என்று சத்தமாகவே சொன்னேன். யாரோ செல்போனில் அதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எப்சிபா அப்போது ஆசீரின் மனைவி சுகிர்தாவின் வயிற்றில் இருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு டிப்போவில் ஞாயிற்றுக்கிழமை முறை விழுந்தது, போகவில்லை. கொஞ்சம் சோம்பலும் உண்டு.

அந்த நாட்களில் சபை எவ்வளவு அழகாக இருந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. ஒருவர் படகு இன்னொருவர் வலையைக் கிழித்துவிட்டது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் வலையும் மக்கிப்போய் மனிதர்களும் மக்கிப்போயிருப்பார்கள். சபையில் ஒரே சாயங்காலம். வலை தைத்து முடியும்வரை படகுக்காரர் வலைக்காரரைத் தன் படகில் கூட்டிக்கொண்டு போகவேண்டும், பிடிபடுகிற மீனில் பாதி அவருக்கு. இரண்டுபேரும் கடைசியில் சம்பந்தி ஆகிவிட்டார்கள். இந்த மாதிரி கதைகள் படமாக ஊர் ஊராகப் பரவின. ராமநாதபுரத்துப் பக்கம் சபை வந்தது, திண்டுக்கல் தறிக்காரர்கள் மத்தியில் வந்தது, மலைத்தோட்டங்களில் வந்தது. எல்லா இடத்திலும் அதே பேர் கூப்பிடுதல், அதே இருக்கேன்.

பெருக்கம் வந்தால் பேச்சும் மாறும். 'எங்கள் நியாயத்தை நாங்கள் பேசுகிறோம்' என்றவர்கள், 'நாங்கள் உங்கள் சட்டத்துக்குச் சம்மதித்ததே இல்லை' என்று சொல்லத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தையிடம் கேட்காமல் எடுத்த சுவடு செல்லாது, அதைத் திருப்பிக் கொடு என்று கோட்டை வரைக்கும் நடந்தார்கள். நடந்த கூட்டத்தைப் பார்த்து சர்க்கார் பயந்துதான் போனது. ஆனால் சர்க்காரில் யாரோ ஒரு கெட்டிக்காரர் இருந்திருக்க வேண்டும். கேட்டதை அப்படியே கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். விலகல் சட்டம் வந்தது. சபையில் மூன்று முறை பேருக்குப் பதில் சொன்னவர் விலகியவர். அவரைச் சர்க்காரின் எந்த எந்திரமும் பார்க்காது, அளக்காது, அடையாளம் காணாது. கிடங்கு உத்தரத்தில் சர்க்கார் ஒரு செவிப்பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனது. யார் பேருக்குப் பதில் சொன்னார்கள் என்று எண்ணுவது அந்தப் பெட்டிதான். விலகியவர்களைப் பற்றி எதுவானாலும் அதன் வழியாகச் சபை சொன்னால்தான் சர்க்கார் கேட்கும்.

அன்றைக்கு ஆசீர் வீட்டுக்கு வந்து துள்ளினான். எனக்குச் சாப்பாடு அவன் வீட்டில்தான், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஜெயிச்சிட்டோம்ணே. எல்லாத்தையும் அழிச்சிருவான். நாம யாருன்னே அதுக்குத் தெரியாது."

"ஏல, அழிச்சா மறுநாள் நீ ரோட்டுல நடக்கும்போது புது ஆளுன்னு திரும்ப எடுத்துக்கிடுமேல. அதனால அழிக்க மாட்டான். 'இந்த ஆளப் பாக்காத'ன்னு ஒரு குறி போட்டு வச்சிக்கிடுவான். கண்ணு உன்னப் பாக்கும், பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும். அதுக்குப் பேரு விடுதலையா?"

"நாம சொன்னதுக்காகத் திருப்பிக்கிடுதுல்லா? அதுக்குப் பேருதாண்ணே விடுதலை."

"சரி, வேண்டாம்னு தோணினா திரும்பி வரலாமா?"

"வர முடியாது. அத நாங்கதான் கேட்டு வாங்குனோம். இன்னைக்குப் போவான், நாளைக்கு வருவான்னு எங்கள எளக்காரமாப் பேசிரக் கூடாது பாரு."

"பிள்ளைங்க?"

"தகப்பன் சொன்னா பிள்ளைக்கும் சேத்துதான்."

சோற்றுக் கையோடு எழுந்து நின்று நான் கத்தினேன். முட்டாப்பய என்றேன், உன் பவுசுக்குப் பிள்ளையைக் குருட்டுச் சந்தில் கொண்டுபோய் விடாதே என்றேன். சுகிர்தா அடுப்படி வாசலில் எப்சிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஞாயிறு நான் கிடங்கு வாசலில் போய் நின்று சபையையே ஏசிவிட்டேன். அதற்குத் தீர்ப்பு வந்தது. சபைக்காரர் யாரும் என்னோடு பேசக் கூடாது, அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. தீர்ப்பைச் சொன்ன குரல் ஆசீருடையது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. தெருவில் ஒவ்வொரு வீடாக விலகியது. எப்சிபா நடக்கப் பழகினாள், ஓடப் பழகினாள். பெரியவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பேருந்துக் கண்களைப் போலவே. அவள் மட்டும் டிப்போவுக்கு எதிர்ச்சாரியில் வந்து நின்று கையாட்டுவாள். பேசக் கூடாது என்றுதானே தீர்ப்பு, கையாட்டக் கூடாது என்று இல்லையே. கெட்டிக்காரி. பல் விழுந்தால் வாயைத் திறந்து காட்டுவாள், புதுச் சட்டை போட்டால் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவாள். சாலையில் அவள் இறங்கினால் பேருந்துகள் மோதாது. ஆனால் நிற்கவும் நிற்காது. வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போகும். நான் துடைத்துப் பளபளவென்று வைத்த கண்கள்தான் அவளை அப்படிக் கடந்து போகும்.

ஒருநாள் கையாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே குந்திவிட்டாள். மூச்சு வாங்கியது. நான் தெருவைத் தாண்டி ஓடுவதற்குள் அவளே எழுந்து, ஒன்றுமில்லை என்று கையால் காட்டிவிட்டு மெதுவாக நடந்து போனாள். உதடு நீலமாக இருந்ததை நான் பார்த்தேன்.

மறுவாரம் சுகிர்தாவே டிப்போ வாசலுக்கு வந்தாள். கூட பேச்சித்தாய் சிஸ்டர். எப்சிபாவைப் பிரசவத்தில் கையில் ஏந்திய நர்ஸ் அவர். ஓய்வு பெற்று அடுத்த தெருவில் இருக்கிறார். சபைக்கெல்லாம் நேரமில்லை என்று விலகாமலே இருந்துவிட்டவர்.

"அத்தான், நான் உங்ககிட்டப் பேசினது தெரிஞ்சா என்னையும் ஒதுக்குவாங்க. ஒதுக்கட்டும்," என்றாள் சுகிர்தா.

சிஸ்டர்தான் விளக்கினார். "இதயத்துல ஒரு வால்வு சுருங்கிக் கிடக்கு அண்ணாச்சி. ஆபரேஷன் பண்ணினா நல்லா ஆயிருவா. மழைக்காலத்துக்குள்ள பண்ணிரணும்னு சபை டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா அவரு காதுல குழாய வச்சிக் கேக்கத்தான் முடியும். ஆபரேஷன் பண்ணுறது எந்திரம். இவள அளக்கக் கூடாதுன்னு குறி இருக்கு. அளக்காம எப்படி அறுக்கும்?"

"வழியே இல்லையா?"

"பெரியவங்களுக்குத்தான் இல்ல. பிள்ளைங்கள புதுப் பிறப்பா எழுதலாம்னு சட்டத்துல ஒரு மூலையில இருக்கு. சபை சம்மதம் சொல்லணும். அப்புறம் பிறந்தப்ப நேர்ல பாத்த ரெண்டு பேரு பதிவகத்துக்கு வந்து சாட்சி சொல்லணும். அந்த ரெண்டு பேருக்கும் சுவடு இருக்கணும்."

எப்சிபா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தெருவே நின்றது. ஆசீர் ஆளாளுக்கு மிட்டாய் கொடுத்தான். இப்போது அத்தனை பேரும் விலகியவர்கள். சபை வளர வளர அவளுக்குச் சாட்சி குறைந்துகொண்டே வந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மிஞ்சியது பேச்சித்தாய் சிஸ்டரும் நானும்.

"நாளைக்கே போவோம்," என்றேன்.

"சபை சம்மதிக்கணுமே," என்றாள் சுகிர்தா. "அவுங்க பேச மாட்டேங்காங்க அத்தான். தலைவரே தன் பிள்ளைக்குக் கேட்டா அது நியாயமில்லன்னு வாய மூடிக்கிட்டு இருக்காங்க. நான் கேட்டா தாய்ப்பாசம்னு சொல்லுவாங்க. நீங்கதான் பேசணும்."

நான் ஆசீர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இளைத்துப்போயிருந்தான். பிறகு, "உள்ள வாண்ணே," என்றான். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்த வார்த்தைக்கு எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். கண்ணீர்தான் வந்தது.

"நீ சபையில பேசணும்னா பேருக்குப் பதில் சொல்லணும். அத மாத்த என்னால முடியாது," என்றான்.

"சொன்னா பெட்டி என்னையும் பிடிச்சிக்கிடுமேல. அப்புறம் சாட்சிக்கு எங்க போவ?"

"மூணு தடவ சொன்னாத்தாண்ணே கணக்கு. ஒரு தடவ சொல்லு, பேசு, சம்மதம் வாங்கு. மறுநாளே சாட்சிக்குப் போயிரு. அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கம் வரவே வேண்டாம்." வாசல்வரை கூட வந்து, "வந்தா சந்தோசம்தான்," என்றான்.

அந்த ஞாயிறு கிடங்கு நிரம்பி வழிந்தது. வெளியே பனைமட்டை நிழலில்கூட ஆட்கள். பேர் கூப்பிட்டு முடிக்கவே வெகுநேரம் ஆனது. ஆனால் யாரும் நெளியவில்லை. தாய்ப்பேரோடு தன் பேர் காற்றில் வருவதற்காக ஒவ்வொருவரும் நிமிர்ந்து காத்திருந்ததைப் பார்த்தேன். இதற்காகத்தானே வருகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருஷம் இவர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

கடைசியாக ஆசீர் தொண்டையைச் செருமினான். "ரத்தினம்மாள் மகன் ஞானசிகாமணி."

"இருக்கேன்."

ஒரு அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஒதுக்கல் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். குடித்துவிட்டுப் பேசினேன். எனக்கு ஆசீரின் குரல் கிடையாது. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது, ஒரே ஒரு ஆபரேஷன், அவளை அனுப்புங்கள் என்று சொன்னேன்.

மாடத்தி என்கிற அளத்துக்காரி எழுந்தாள். சபையின் முதல் ஞாயிறிலிருந்து இருக்கிறவள். "இன்னைக்குத் தலைவர் பிள்ள போவா. நாளைக்கு எம் பேரன் காச்சல்னு போவான். அப்புறம் சின்னஞ்சிறுசு எல்லாம் போயி இந்தக் கிடங்குல கிழடு கட்டைதான் இருக்கும். நாம நடந்த நடை எல்லாம் எதுக்கு அண்ணாச்சி?"

அவள் கேட்டதில் தப்பில்லை. "உங்க வீட்ட எந்திரம் பிடுங்கினப்ப, ஒரு மனுஷன் முகத்தப் பாத்துப் பேச ஆளில்லன்னுதான இங்க வந்தீங்க ஆத்தா? அந்தப் பிள்ள முகத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்," என்றேன்.

எப்சிபா முன்வரிசையில் சுகிர்தாவின் மடியில் சாய்ந்திருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். மாடத்தி வெகுநேரம் பார்த்தாள். "அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதையே சொன்னார்கள். செவிப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆசீர் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து என் தோளில் முகம் புதைத்து அழுதான். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த சாயங்காலம் அது. இப்போதும் அதில் சந்தேகமில்லை.

மறுநாள் காலையில் நானும் பேச்சித்தாய் சிஸ்டரும் எப்சிபாவும் கிளம்பினோம். நிறுத்தத்தில் பேருந்து நின்றது. சிஸ்டர் முதலில் ஏறினார். 'வணக்கம் பேச்சித்தாய்' என்றது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அது ஒன்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் உப்பு ஏறியிருக்கும், டிப்போவுக்குப் போனதும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் எப்சிபா பேசினாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பேச்சு. "பெரியப்பா, ஆபரேஷன் முடிஞ்சா நான் ஓடலாமா? பஸ் எம் பேரச் சொல்லுமா? முழுப் பேரா, எப்சின்னா?"

"முழுப் பேருதான். அதுக்கு உன் செல்லப் பேரு தெரியாதுல்லா."

"நீங்க சொல்லிக் குடுங்க. நீங்கதான பஸ்ஸுக்குக் கண்ணு துடைக்கிறவுங்க."

பதிவக வாசலில் கண்ணாடிக் கதவு. சிஸ்டர் முன்னால் போனார், திறந்தது, மூடிக்கொண்டது. நான் எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். திறக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து மறுபடி போனேன். திறக்கவில்லை. கதவுக்கு மேலே கண் இருந்தது. பார்க்கத் தூசியாகத்தான் தெரிந்தது. கைப்பையிலிருந்து என் துணியை எடுத்து, எக்கி நின்று நன்றாகத் துடைத்தேன். ஓரங்களையும் துடைத்தேன். சுத்தமான கண் என் தலைக்கு மேலாக வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே சிஸ்டர் யாரிடமோ கை நீட்டிப் பேசுவது தெரிந்தது. பக்கத்துச் சின்னக் கதவைக் கையால் திறந்துகொண்டு ஒரு இளம்பெண் வந்தாள், பதிவகத்தில் வேலை பார்க்கிறவள். கையிலிருந்த திரைப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க சுவடு இன்னைக்கு விடிகாலையில மூடியாச்சு."

"அது எப்படிம்மா? நான் ஒரே ஒரு தடவதான சொன்னேன்? மூணு தடவ சொன்னாத்தான கணக்கு?"

"மூணு பதிவு இருக்கே ஐயா. நேத்து ஒண்ணு. மத்த ரெண்டும் ரொம்பப் பழசு. சபை ஆரம்பிச்சப்ப எடுத்த வீடியோல."

"அப்பச் சட்டமே கிடையாதேம்மா."

"ஆமா. ஆனா சட்டம் வந்தப்ப சபைதான் கேட்டு வாங்குச்சு. முதல் நாள்லருந்து பேருக்குப் பதில் சொன்னவங்க எல்லாரையும் கணக்குல சேக்கணும்னு. ஆள் எண்ணிக்கை பெருசாத் தெரியணும்னு கேட்டாங்களாம்." அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. பாவம், அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது ஐயா. அதுக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. நான் என்ன செய்ய முடியும்?"

கேட்டது யாராக இருக்கும் என்று நான் அவளிடம் விசாரிக்கவில்லை. மணி மாதிரிக் குரல் உள்ளவன் ஒருவனைத் தவிர வேறு யார் அப்படி அடித்துப் பேசிக் கேட்டு வாங்கியிருக்க முடியும்? அவனுக்கு அந்த இரண்டு ஞாயிறுகள் மறந்துபோயிருக்கும். எனக்கே மறந்திருந்தது. தீர்ப்புச் சொல்லி ஒதுக்கி வைத்த அண்ணனை, அதே கையால் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறான். இதை நான் அவனிடம் எந்த வாயால் சொல்வேன்?

"ஒரு சாட்சி போதும்னு எங்கயாவது இருக்காம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். சிஸ்டர் அந்தச் சின்னக் கதவு வழியாகத் தலையை நீட்டி, "மேல ஒரு அதிகாரி இருக்காராம். மனுஷர்தானாம். அவரப் பாக்காம நான் இங்கருந்து நகர மாட்டேன். வெயில்ல பிள்ளைய நிறுத்தாதீங்க அண்ணாச்சி, கூட்டிட்டுப் போங்க," என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கும் நம்பிக்கை இல்லை.

நான் எப்சிபாவைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தேன். ஒரு பேருந்து வந்தது. எங்கள் டிப்போ வண்டி, முந்தாநாள் நான் துடைத்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன். அது கொஞ்சம் ஒதுங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. புழுதி மட்டும் நின்றது.

எப்சிபா என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"பெரியப்பா, நீங்களும் இப்ப எங்க ஆளா?"

"ஆமா தாயி."

"அப்ப நாம இனிமே பேசிக்கிட்டே இருக்கலாம்லா? யாரும் வைய மாட்டாங்கல்லா?"

"யாரும் வைய மாட்டாங்க."

அவள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டி, எதற்கோ அவசரப்படுவது போல அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு கீழே இறங்கி, பெரிய மனுஷி மாதிரி என் கையைப் பிடித்து நிழற்குடைக்குள் இழுத்துப்போனாள்.

"கைய நீட்டினா நிக்காது பெரியப்பா. சுவடு இருக்கிற ஆளு யாராவது வருவாங்க. அவுங்களுக்கு நிக்கும்லா, அப்ப நாம ஒட்டிக்கிட்டே பின்னால ஏறிக்கிடணும். கதவு மூடுறதுக்குள்ள ஏறணும். நான் சொல்லித் தாறேன், பயப்படாதீங்க."

சரி என்றேன். சாலையில் ஒருவரும் இல்லை. பிள்ளைக்கு மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. யாராவது ஒருவர் வரட்டும் என்று நாங்கள் இரண்டுபேரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.